தவசுப்பிள்ளைக்குப் பிரஷர்

சங்கரன்கோவில்
8-6-1978

அன்புத் தங்கச்சி கோமதித்தாய்க்கு அண்ணன் சங்கரசுப்பு எழுதுகிறது. இங்கன நானும் உன் மதினி முத்துமாரியும் அம்மன் புண்ணியத்துல சுகமா இருக்கோம். பம்பாயில நீயும் மாப்பிள்ளையும் பிள்ளைகளும் சுகந்தானே? அங்கன மழை ஆரம்பிச்சிருக்குமே, குடை வாங்கிட்டியா, இல்ல போன வருஷக் கிழிசலையே பிடிக்கியா?

'சுகமா இருக்கோம்'னு நான் எழுதும்போதே உன் மதினி தோளுக்குப் பின்னால நின்னுக்கிட்டு, "பொய் எழுதாதீக"ங்கா. சரி, நடந்ததைச் சொல்லிருதேன். போன முகூர்த்தத்துல நூல்கடை வீட்டுக் கல்யாணத்துக்கு வடை போடும்போது எண்ணெய் தெறிச்சு முழங்கையில கொப்புளம். மருந்து போட டாக்டர் சேக் மைதீன்கிட்டப் போனேன். அந்த மனுசன் கொப்புளத்தை விட்டுட்டு மத்தக் கையில பட்டையைச் சுத்திப் புஸ்ஸு புஸ்ஸுன்னு காத்தடிச்சாரு. பாதரசம் ஏறுது, ஏறுது, இறங்குறதுக்கு மனசே இல்ல அதுக்கு. "அண்ணாச்சி, மேல நூத்தித் தொண்ணூறு, கீழ நூத்திப் பத்து"ன்னாரு. "மேல கீழன்னா? நான் என்ன மாடி வீடா டாக்டர்?"ன்னு கேட்டேன். மனுசன் சிரிக்கல. பிரஷராம். தினம் ஒரு மாத்திரை சாப்பிடணுமாம். எத்தனை நாளைக்குன்னு கேட்டா, "இருக்கிற வரைக்கும்"ங்காரு.

சீட்டை வாங்கிச் சட்டைப் பையில வச்சேன். மாத்திரை வாங்கல. முப்பத்தெட்டு வருஷமாக் கல்யாண வீடுகளுக்குத் தவசுப்பிள்ளையாப் போயி, ஆயிரம் இலைக்குச் சமைச்சு இறக்குறவன் நான். தலை சுத்தல, நெஞ்சு வலிக்கல, மாடிப்படி ஏறினா மூச்சு வாங்கல. அறுபத்தொரு வயசு வரைக்கும் ஒரு மாத்திரை முழுங்காத வாயிக்கு இப்ப எதுக்குப் புதுப் பழக்கம்? நீயே சொல்லு.

இதைக் கேட்டுட்டுப் பதறி ஓடி வந்துராத. என் மக கல்யாணத்துக்கே மாப்பிள்ளைக்கு லீவு கிடைக்கலன்னு வராம இருந்த சீமாட்டி நீ. பிரஷருக்கா வரப் போற?

இப்படிக்கு உன் அண்ணன்,
சங்கரசுப்பு

(ஓரத்துல மதினி எழுதுவது: மாடிப்படி ஏறினா மூச்சு வாங்கலையாம். எங்க வீட்டுல மாடியே கிடையாதே. நீங்க சொன்னாத்தான் கேப்பாக. நல்லா நாலு வார்த்தை எழுதுங்க.)


பம்பாய்
17-6-1978

அண்ணன் அவர்களுக்குத் தங்கச்சி கோமதி வணக்கம் சொல்லி எழுதுவது. நாங்க எல்லாரும் இங்கன சௌக்கியம். சின்னவனுக்கு மட்டும் சளி. மழை விடாமக் கொட்டுது, குடை வாங்கிட்டேன். உங்க கொப்புளம் காஞ்சுட்டா? மதினி கால்வலி எப்படி இருக்கு?

கொப்புளத்தைக் கேட்டுட்டுச் சும்மா விட்டுருவேன்னு நினைச்சீகளாக்கும். வலிக்கல, சுத்தலன்னு பெரிய சாதனை மாதிரி எழுதியிருக்கீகளே, அப்பாவுக்கு எங்க வலிச்சுச்சு? இளையரசனேந்தல் கல்யாணத்துல பாயசத்தைக் கிண்டிக்கிட்டே இருந்தாக. "ஏலே சங்கரா, கரண்டி ஏன் இப்படிக் கனக்கு?"ன்னு கேட்டாக. அவ்வளவுதான். வலது கை விழுந்துட்டு, பேச்சும் போயிட்டு. மூணு வருஷம் நீங்கதானே ஊட்டி விட்டீக? அன்னைக்கு நம்ம ஊருல பட்டையைச் சுத்திப் பாக்கவும் ஆளில்ல, மாத்திரையும் இல்ல. இன்னைக்கு ரெண்டும் இருக்கு. டாக்டரே கூப்பிட்டுக் குடுக்காரு. உங்களுக்கு வாயைத் திறக்க வலிக்கா?

எங்க மாடியில பக்கத்து ரூம்ல ஒரு அம்மா இருக்கா. என் வயசுதான். ஆறு வருஷத்துக்கு முன்ன அவளுக்கும் இதே பிரஷருன்னு சொன்னாக. பத்து நாள் மாத்திரை போட்டா. உடம்புல ஒரு வித்தியாசமும் தெரியல, அப்புறம் எதுக்குன்னு நிறுத்திட்டா. ரெண்டே வருஷம், நல்லா அனுபவிச்சா. இப்ப ஒழுங்காச் சாப்பிடுதா. மூணு மாடி ஏறி இறங்குதா, சண்டைக்கும் குறைவில்ல. மாத்திரை போட்டதால அவ ஒண்ணும் சீக்காளியாகல.

அதனால மாத்திரையை வாங்கிப் போட்டுட்டுத்தான் அடுத்த கடிதம் எழுதணும்.

உங்க பிரியமுள்ள,
கோமதி


சங்கரன்கோவில்
29-6-1978

தங்கச்சி கோமதிக்கு அண்ணன் எழுதுகிறது. உன் கடிதம் வந்தது. நாங்க நல்லா இருக்கோம், கொப்புளம் உதிர்ந்துட்டு. சின்னவன் சளிக்குத் தூதுவளை கிடைக்குமா அங்கன? கிடைக்கலன்னா எழுது, காயவச்சுப் பார்சல் போடுதேன்.

ஏட்டி, அப்பாவை இழுத்துட்டு வந்துட்டியே. அந்த வரியைப் படிச்சுட்டுக் கடிதத்தை மடிச்சு வச்சுட்டேன். சாயங்காலந்தான் மிச்சத்தைப் படிச்சேன்.

எனக்குள்ள சங்கடம் உனக்குத் தெரியாது. இந்த ஊருல ஒரு மாத்திரை அட்டை என் மடியில இருந்து கீழ விழுந்தாப் போதும். "தவசுப்பிள்ளைக்குச் சீக்காம்ல, அடுப்படியில மயங்கி விழுந்தா என்ன செய்யறது?"ன்னு நாலு ரத வீதியும் சுத்தி வந்துரும். கல்யாண வீட்டுக்காரன் ஜாதகம் பாக்குற மாதிரி சமையல்காரனையும் பாக்குறவன். ராஜபாளையம் ரோட்டுல கோமதிநாயகம்னு ஒருத்தன் புதுசாக் கரண்டி தூக்கியிருக்கான். நான் தும்மினாலே போதும், என் முகூர்த்தத்தையெல்லாம் அவன் வாங்கிருவான்.

ஆனா நீ சொன்னதுக்காக டாக்டர்கிட்ட மறுபடியும் போனேன். "உப்பை நல்லாக் குறைங்க, மாத்திரையும் போடுங்க"ன்னு ரெண்டு சொன்னாரு. நான் ஒண்ணை ஒத்துக்கிட்டேன். உப்பைக் குறைக்கேன், மூணு மாசம் பாப்போம்னேன். "இந்த அளவுக்கு உப்பு மட்டும் குறைச்சாப் பத்தாது அண்ணாச்சி, ரெண்டும் வேணும்"னு தலையில அடிச்சுக்கிட்டாரு. நல்ல மனுசன்தான், கொஞ்சம் அவசரக்காரர்.

இன்னையில இருந்து உன் மதினி எனக்குத் தனி ரசம் வைக்கா. வெந்நீருல மிளகு மிதக்கு. குடிச்சுட்டேன்.

அது கிடக்கட்டும், அந்தப் பக்கத்து ரூம் அம்மா பேரு என்ன? தமிழ்க்காரியா? எந்த ஊரு?

இப்படிக்கு,
அண்ணன்


பம்பாய்
10-7-1978

அண்ணன் அவர்களுக்கு, கோமதி எழுதிக்கொண்டது. நாங்க சௌக்கியம், சின்னவன் சளி போயிட்டு, அவுகளுக்கு நைட் ஷிஃப்டு மாறிட்டு. நீங்க ரெண்டு பேரும் உடம்பை எப்படி வச்சிருக்கீக?

டாக்டர் ரெண்டு சொன்னா ஒண்ணை ஒத்துக்கிடுறதுக்கு இது என்ன காய்கறிக் கடையா, பேரம் பேச? பத்து கிலோ கத்திரிக்காயைப் பாதி விலைக்குக் கேக்குற வாய் டாக்டர்கிட்டயும் சும்மா இருக்கல.

பக்கத்து ரூம் அம்மா பேரு சரசு. நம்ம பக்கத்து ஊருதான். ஊரு பேரெல்லாம் உங்களுக்கு எதுக்கு, பொண்ணு பாக்கவா போறீக? சரசுவும் உப்பில்லாமத் தின்னு பாத்தவதான். உப்பு குறைச்சது நல்லதுதான், ஆனா அது தனியா நின்னு வேலை செய்யாதுங்கா. மாத்திரை சாப்பிடுறதை அவ புருஷனைத் தவிர ஒருத்தர்கிட்டயும் சொல்லல. ஏன்னு கேட்டேன். "சொன்னா எல்லாரும் என்னை உக்கார வச்சிருவாக"ன்னா. உங்களை மாதிரியே ஒரு பைத்தியம்.

ஆடித்தபசு வருதே. கோயில் சுத்துப் போவீகள்ல? என் பேருக்கும் பத்துச் சுத்து சுத்துங்க. ஆனா ஒண்ணு, அம்மனை வேண்டிக்கிட்டேன்னு மாத்திரையை அம்மன் தலையில கட்டிராதீக. அவ பாட்டுக்கு ஒத்தைக் கால்ல தவசு நிக்கா, அவளுக்கு ஏற்கனவே வேலை இருக்கு.

மாசா மாசம் போயிப் பிரஷர் பாத்து எழுதணும். மறைக்கக் கூடாது.

உங்க தங்கச்சி,
கோமதி


சங்கரன்கோவில்
26-7-1978

பிரியமுள்ள கோமதிக்கு, அண்ணன். தபசுக் கூட்டத்துல மிதிபட்டு ஒரு செருப்பு போனது தவிர எல்லாரும் சேமம். நீயும் மாப்பிள்ளையும் சேமந்தானே?

முதல்ல நல்ல சேதி. நூத்தி எழுபத்தாறு, நூத்தி நாலு! இறங்கிட்டுல்ல? ஒரு மாச உப்புக்கே இது. டாக்டர் மட்டும் இன்னும் உர்ருன்னு இருக்காரு. "இதுவும் ஜாஸ்திதான் அண்ணாச்சி"ங்காரு. போகட்டும்.

தபசுக்கு நூத்தியெட்டுச் சுத்து சுத்தினேன், உன் பேருக்குப் பத்தும் அதுல சேர்த்தி. அப்புறம் ஒரு கூத்து. கோயில் வாசல்ல வெள்ளி உரு விக்கானே, கண்ணு சரியில்லாதவன் கண்ணு உரு, காலு வலிக்கிறவன் காலு உரு வாங்கி உண்டியல்ல போடுதானே, அவன்கிட்டப் போயி, "ஏலே, பிரஷருக்கு என்ன உருல இருக்கு?"ன்னு மெல்லக் கேட்டேன். பாம்பு இருக்கு, தேள் இருக்கு, கைக்குழந்தை இருக்கு, பிரஷருக்கு ஒண்ணும் இல்ல. அவன் மண்டையைச் சொறிஞ்சுட்டு ஒரு முழு ஆள் உருவைத் தூக்கித் தந்தான். "எங்கன இருக்குன்னு தெரியலன்னா முழுசாப் போட்டுருங்க அண்ணாச்சி, அம்மன் தேடிக்கிடுவா"ங்கான். உன் மதினி கல்லுல உக்காந்து சிரிச்சா பாரு, கூட்டமே திரும்பிப் பாத்துட்டு.

வாங்கிப் போட்டுட்டேன். டாக்டர் கிடக்காரு.

உப்பில்லாத சோறு பழகிட்டு. இப்ப வெளியில எங்க சாப்பிட்டாலும் வாயில உப்பு அள்ளிக் கொட்டின மாதிரி கரிக்கு. நாக்கு சுத்தமாயிட்டு. சரசுகிட்டச் சொல்லு.

இப்படிக்கு,
அண்ணன் சங்கரசுப்பு


பம்பாய்
9-9-1978

அண்ணன் அவர்களுக்கு, கோமதி. நாங்க சௌக்கியம். நீங்க?

இது மூணாவது கடிதம். ஆகஸ்டு ரெண்டாந் தேதி ஒண்ணு போட்டேன், சுதந்திர தினத்தன்னைக்கு ஒண்ணு போட்டேன். பதிலே இல்ல. ஆவணி முகூர்த்தம், அண்ணனுக்குப் பேனா பிடிக்க நேரமிருக்காதுன்னு மனசைத் தேத்திக்கிட்டேன். இப்ப தேறல. தபால்காரன் மாடி ஏறும்போதெல்லாம் தந்தியோன்னு வாசலுக்கு ஓடுதேன். ரெண்டு வரி போடுங்க. கோவம்னாலும் கோவம்னு எழுதுங்க.

கோமதி


சங்கரன்கோவில்
17-9-1978

அன்புள்ள நாத்தனாருக்கு முத்துமாரி எழுதுவது. பயப்படாதீக, உங்க அண்ணன் உசுரோட நல்லா இருக்காக. முதல்ல முகூர்த்த வேலையில நேரமில்ல, இப்ப பேனாவையே தொட மாட்டேங்காக. உங்க மூணு கடிதமும் தலையணைக்கு அடியில இருக்கு. நீங்க எல்லாரும் நல்லா இருக்கீகளா?

நடந்தது இதுதான். ஆவணி பத்தொன்பதாந் தேதி மண்டபத்துல பெரிய கல்யாணம், எழுநூறு இலை. உங்க அண்ணன் வழக்கம் போல சாம்பாரை ஒரு சொட்டு உள்ளங்கையில விட்டு நாக்குல வச்சுப் பாத்து, "உப்பு சரி"ன்னு இறக்கிட்டாக. கூட இருந்த ஆளுக, "அண்ணாச்சி, கொஞ்சம் சப்புன்னு இருக்கே"ன்னதுக்கு, "எனக்கே உப்பு சொல்லித் தாரியளாலே?"ன்னு விரட்டிட்டாக. ரசம், கூட்டு, அவியல் எல்லாத்துக்கும் அதே நாக்குத்தான். ரெண்டு மாசமா உப்பைத் தொடாத நாக்கு! அதுக்கு எல்லாம் உப்பாத்தான் தெரிஞ்சிருக்கு. பந்தி உக்காந்ததும் இலையில வச்ச உப்பு ஒரே நிமிசத்துல காணாமப் போச்சு. "உப்பு, உப்பு"ன்னு ஒரே கூப்பாடு. உப்புச் சட்டியைத் தூக்கிக்கிட்டு நாலு பேரு பந்தியில ஓடினாக. மாப்பிள்ளை வீட்டுக்காரரு ஒருத்தர், "ஆசுபத்திரிச் சாப்பாடு நல்லா இருக்கு"ன்னுட்டாரு. உங்க அண்ணன் காதுல விழுந்துட்டு.

முப்பத்தெட்டு வருஷத்துல இப்படி ஒரு சொல் அவுக கேட்டதில்ல. வீட்டுக்கு வந்து குப்புறப் படுத்தவுகதான். ஐப்பசிக்குப் பேசியிருந்த ரெண்டு கல்யாணத்தையும் தானே வேண்டாம்னுட்டாக. நான்தான் பிடிச்சு இழுத்துட்டு டாக்டர்கிட்டப் போனேன். இருநூத்தி நாலு, நூத்திப் பதினாறு. டாக்டர் கும்பிடாத குறையாக் கெஞ்சுதாரு. இவுக, "உப்பையும் விட்டேன், பேரும் போச்சு, இனி மாத்திரை ஒண்ணுதான் குறைச்சல்"னுட்டு எந்திச்சு வந்துட்டாக.

நான் சொல்லி அலுத்துட்டேன். எனக்குப் பயமா இருக்கு கோமதி.

மதினி முத்துமாரி


பம்பாய்
25-9-1978

அண்ணனுக்கு,

மதினி கடிதம் வந்தது. இந்தத் தரம் நாங்க சௌக்கியம்னு எழுதி ஆரம்பிக்க மாட்டேன். நாலு வருஷமா எழுதி எழுதி எனக்கே வாய் கூசுது.

பக்கத்து ரூம்ல சரசுன்னு ஒருத்தியும் கிடையாது. பக்கத்து ரூம்ல ஒரு குஜராத்தி வாத்தியார் இருக்காரு. அவருக்கு மூல வியாதி தவிர ஒண்ணும் இல்ல. அந்தப் பிரஷர்க்காரி நான்தான்.

எழுபத்திரெண்டுல கண்டுபிடிச்சாக. பத்து நாள் மாத்திரை போட்டுட்டு நிறுத்தினதும் நான்தான். எழுபத்தி நாலு தை மாசம், உங்க மக கல்யாணத்துக்குச் சேலையெல்லாம் எடுத்து மடிச்சு வச்சுட்டேன். புறப்பட இன்னும் மூணு நாள் இருக்கு. துணி துவைக்கப் போன இடத்துல இடது கை சோப்பைப் பிடிக்கல. நழுவிக்கிட்டே போகுது. எடுக்கேன், நழுவுது. சோப்புதான் சரியில்லன்னு நினைச்சேன் அண்ணே. அப்படியே சாஞ்சுட்டேன். பதினெட்டு நாள் ஆசுபத்திரி. வாய் ஒரு பக்கம் கோணிட்டு. ஆறு மாசம் இடது கையால ஒரு டம்ளரைத் தூக்க முடியல. இப்ப எல்லாம் சரியாயிட்டு, சிரிச்சா மட்டும் கொஞ்சம் இழுக்கும். அதனாலதான் போட்டோ கேட்டப்பல்லாம் அனுப்பல.

மாப்பிள்ளைக்கு லீவு கிடைக்கலன்னு அவுகளை எழுதச் சொன்னது நான்தான். உண்மையைச் சொல்லியிருந்தா நீங்க மணவறையை விட்டுட்டு ரயில் ஏறியிருப்பீக. அப்பாவுக்கு ஊட்டின கையி, தங்கச்சிக்கும் ஊட்டணுமான்னு நினைச்சேன். அதுக்கப்புறம் சொல்லலாம்னு பாத்தா, நீங்க கோவத்துல ரெண்டு வருஷம் கடிதமே போடல. அப்புறம் சொல்ல வாய் வரல.

சாம்பாருக்கு உப்பு போதலன்னா மறுபடியும் போட்டுக்கிடலாம். ஊரு நாலு நாள் பேசும், அஞ்சாம் நாள் வேற எவன் வீட்டுப் பாயசமாவது திரிஞ்சு போகும். எனக்கு இருக்கிறது ஒரே அண்ணன். சத்தியமாச் சொல்லுதேன், எனக்கு உங்க மேல கோவம் இல்ல, பயந்தான். மாத்திரையைப் போடுங்க அண்ணே.

கோமதி


சங்கரன்கோவில்
3-10-1978

கோமதி,

நீ நல்லா இருக்கியா? ஒப்புக்குக் கேக்கல. நிசமாக் கேக்கேன். கை எப்படி இருக்கு? பாரம் தூக்குதியா? வாய் இழுக்குறதுக்கு டாக்டர் என்ன சொல்லுதாரு? எல்லாத்தையும் விவரமா எழுதணும்.

உன் கடிதத்தைப் படிச்சதும் உன் மேல வந்த கோவத்துக்கு அந்தப் பாதரசக் குழாயே வெடிச்சிருக்கும். அப்புறம் அழுதேன். எழுதவே வெக்கமா இருக்கு, ஆனாலும் அழுதேன். அறுபத்தொரு வயசு ஆளு அடுக்களையில உக்காந்து அழுதா உன் மதினி என்ன நினைப்பா? அவளும் பக்கத்துல வந்து உக்காந்துட்டா.

லீவு கிடைக்கலன்னு சொன்னதை நம்பி ரெண்டு வருஷம் உன்னோட பேசாம இருந்தேனே, அந்தப் பாவத்தை எந்த உண்டியல்ல போடுவேன்? பம்பாய்க்காரி, நாகரிகம் கூடிட்டு, சமையல்காரன் வீட்டுக் கல்யாணத்துக்கு வருவாளான்னு நாலு பேருகிட்டச் சொன்னேன். கல்யாணத்துக்கு உனக்குன்னு எடுத்த அரக்குச் சேலை இன்னும் பெட்டியில இருக்கு. உன் மதினியைக் கூட உடுத்த விடல. நாளைக்குப் பார்சல் வருது.

இப்ப நானும் ஒரு உண்மை சொல்லுதேன். முகூர்த்தம் போயிரும், ஊரு பேசும்னு எழுதினதெல்லாம் பாதிதான். மீதி வேற. மாத்திரையை வாயில போட்டா, அப்பாவுக்கு வந்தது எனக்கும் வந்துட்டுன்னு நானே ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிரும்னு பயந்தேன். போடாம இருக்கிற வரைக்கும் வரலன்னு நினைச்சுக்கிடலாம்ல. அவருக்கு ஊட்டும்போது கஞ்சி வாயோரமா வழியும். அதைத் துடைக்கிறப்ப அவரு என் கண்ணைப் பாக்க மாட்டாரு. அது எனக்குத்தான் தெரியும்.

இன்னைக்குக் காலையில டாக்டர்கிட்டப் போயி, "எழுதுங்க, இருக்கிற வரைக்கும்"னேன். அவரு சீட்டை எடுக்க, நான் சட்டைப் பையில கையை விட்டு ஜூன் மாசச் சீட்டைத் தந்தேன். நாலு தரம் துவைச்சு எழுத்தெல்லாம் அழிஞ்சு போயிருந்தது. புதுசா எழுதித் தந்தாரு. எதிர்க்கடையில மாத்திரையை வாங்கிட்டு வந்து, அவரு மேசை மேல இருந்த தண்ணியைக் குடிச்சு அங்கனயே முதல் மாத்திரையைப் போட்டுட்டேன். இத்தனூண்டு இருக்கு. இதுக்கா இந்தப் பாடு படுத்தினேன்?

உன் அண்ணன்


சங்கரன்கோவில்
4-12-1978

அன்புத் தங்கச்சிக்கு அண்ணன் ஆசீர்வாதம். நாங்க சுகம். இது பட்டை சுத்திப் பாத்த சுகம்: நூத்தி ஐம்பத்திரெண்டு, தொண்ணூத்தி நாலு. உன் அளவையும் அடுத்த கடிதத்துல எழுதணும். தீபாவளிக்கு அரக்குச் சேலை உடுத்தி எடுத்த போட்டோ வந்தது. வாய் கொஞ்சம் இழுக்கத்தான் செய்யுது, அழகாத்தான் இருக்க. சாமி படத்துக்குப் பக்கத்துல மாட்டியிருக்கேன்.

முதல் பத்து நாள் மாத்திரை என்னைப் பாடாப் படுத்திட்டு. ராத்திரி ஏழு தரம் கொல்லைக்கு ஓட்டம், எந்திச்சா லேசாக் கிறக்கம். நானா நிறுத்தாம டாக்டர்கிட்டப் போனேன், பாத்துக்கோ! அவரு நேரத்தைக் காலைக்கு மாத்தி, அளவையும் குறைச்சுக் குடுத்தாரு. இப்ப சரியாயிட்டு. உப்பும் குறைச்சல்தான் சாப்பிடுதேன்.

அப்ப அடுப்படியில உப்புக்கு என்ன செய்யுதேன்னு கேப்பியே? உன் மதினி நாக்கு. கல்யாண அடுப்படிக்குப் பொம்பளை வந்தா ஆகாதுன்னு நான்தான் இத்தனை வருஷம் அவளை விடல. இப்ப ஒரு சொட்டு அவ உள்ளங்கையில விடுதேன். அவ தலையாட்டினாத்தான் இறக்குவேன். அதிகாரம் தாங்கல.

போன வெள்ளிக்கிழமை கரிவலம்வந்தநல்லூர்ல கல்யாணம். ஆவணிக்கு அப்புறம் முதல் வேலை. காலையில இட்லி வெந்துக்கிட்டு இருக்கு, மாத்திரைக்கு நேரமாயிட்டு. ஒளிஞ்சு போயிப் போடுவோமான்னு ஒரு நிமிசம் நினைச்சேன். அப்புறம் என்ன வந்துட்டுன்னு அடுப்புக்கு முன்னாலயே அட்டையைக் கிழிச்சு வாயில போட்டுச் செம்புத் தண்ணியைக் குடிச்சேன். பொண்ணைப் பெத்தவரு பாத்துக்கிட்டே நிக்காரு. போச்சு, கோமதிநாயகத்துக்கு ஆள் விடப் போறாருன்னு நினைச்சேன். அவரு கிட்ட வந்து, "அண்ணாச்சி, அது பிரஷர் மாத்திரையா?"ன்னாரு. ஆமான்னேன். இந்தப் பக்கம் பாத்தாரு, அந்தப் பக்கம் பாத்தாரு, மடியை அவுத்து ஒரு அட்டையைக் காட்டினாரு. அதே மாத்திரை! "கொஞ்சம் தண்ணி தாங்க, வீட்டுல யாருக்கும் தெரியாது"ங்காரு. கொஞ்ச நேரத்துல நாதஸ்வரக்காரரு வந்தாரு. அப்புறம் மாப்பிள்ளையோட தாய்மாமன். மொத்தம் ஆறு பேரு கோமதி, என் செம்பைச் சுத்தி! அவனவன் தான் ஒருத்தன்தான்னு நினைச்சிருக்கான். அவுகளுக்குன்னு உப்புக் குறைச்சு ஒரு தனிப் பானை சாம்பார் வச்சேன். ரெண்டாம் பந்தியிலேயே காலி. தை மாசத்துக்கு மூணு கல்யாணம் சொல்லிட்டாக, மூணும் தனிப் பானையோட.

உனக்கு ஒண்ணு சொல்லணும். அந்த ஆறு பேரும் என்கிட்டயாவது சொல்லிட்டாக. நீ நாலு வருஷம், ஒரு நாள் விடாம, ஒத்தையில போட்டிருக்க. அந்த நினைப்பு என்னை விட மாட்டேங்கு. இனிமே காலையில ஏழு மணிக்கு நான் இங்கன போடுதேன். அதே ஏழு மணிக்கு நீ அங்கன போடு. அண்ணனும் தங்கச்சியும் சேர்ந்து போட்டதா இருக்கட்டும்.

உன் அண்ணன்,
சங்கரசுப்பு


பம்பாய்
12-12-1978
(கார்டு)

அண்ணனுக்குக் கோமதி. எல்லாரும் சௌக்கியம். நிசமான சௌக்கியம்: நூத்தி நாப்பத்தாறு, தொண்ணூறு. உங்க கடிதத்தை அவுக சத்தமா வாசிச்சாக, பாதியில நிறுத்தி என் கையில தந்துட்டாக, மீதியை நான் வாசிச்சேன்.

ஏழு மணி தோதுப்படாது அண்ணே. ஏழு மணிக்குத்தான் இங்கன குழாயில தண்ணி வரும், மாடியே சண்டை போட்டுக்கிட்டு நிக்கும், குடத்தை விட்டுட்டு வர முடியாது. ஏழரைன்னு வச்சுக்கோங்க. நாளைக்கே ஆரம்பிக்கேன்.